ஒரு பெரட்டுக்கு இரண்டு மண்டோர்

என் வாய்க்குப் பூட்டுப் போட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். ரந்தாவ் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியைக் கூட்டித் துடைக்கிற அக்காவுக்கு என் வாயால் வந்த வினைக்குப் பிறகு, அவர் அதைச் சொன்னால் நான் பதில் பேசுவதில்லை.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். சிரம்பானில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்துக் கிளினிக்குகள், கடைகள், பள்ளிகள் ஆகியவற்றுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் வேலை. வயர் இழுப்பேன், கூரைக்குள் ஏறுவேன், பெட்டிகளை மாட்டுவேன். பொம்பளை ஏணியில் ஏறுகிறாளே என்று வேடிக்கை பார்த்தவர்களை எல்லாம் பதினெட்டு வருஷமாகப் பார்த்துவிட்டேன். அதனாலேயோ என்னவோ, வேலை இடத்தில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதலில் சத்தம் போட்டுவிட்டால் அப்புறம் யாரும் நம்மிடம் வாலாட்ட மாட்டார்கள் என்பது என் கணக்கு.

அந்தப் பள்ளி செம்பனைக் காட்டு ஓரத்தில் இருக்கிறது. தோட்டத்தில் இப்போது நம் ஆட்கள் அதிகம் இல்லை. பிள்ளைகள் பெரும்பாலும் டவுனிலிருந்து வேனில் வருகிறார்கள். ஒரு கணினி அறை, ஒரு ஆபீஸ், ஒரு நூல்நிலையம். மூன்றுக்கும் நெட்வொர்க் போட்டது நான்தான். ஐந்து வருஷமாகப் பெரிய தொல்லை எதுவும் இல்லாமல் ஓடியது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சரஸ்வதி பூசை முடிந்த அடுத்த வாரம் பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, போன் செய்தார்.

“லைன் ஒழுங்கா இல்லலா. பசங்க கிளாஸ்ல பாதி கம்ப்யூட்டர் வருது, பாதி வரல. நேத்து வந்தது இன்னைக்கு வரல. நேத்து வராதது இன்னைக்கு வருது. என்னான்னே புரியல.”

நான் அன்று மத்தியானம் இரண்டு மணிக்குப் போனேன். பள்ளி முடிந்து பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். கணினி அறையில் இருந்த இருபது கணினிகளையும் திறந்தேன். இருபதும் ஓடின. ஒன்றுகூட மக்கர் பண்ணவில்லை. மறுநாள் காலையில் மறுபடி போன். அடுத்த வாரம் மறுபடி போனேன், மத்தியானம்தான். அப்போதும் இருபதும் ஓடின. பெரிய டீச்சர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நீங்க வந்தா மட்டும் நல்லா ஓடுது. உங்களுக்குப் பயந்துக்குது போல” என்றார்.

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்துக் காட்டாமல் அந்த இடத்தை விட்டுப் போக மாட்டேன் என்று அறை அறையாகச் சுற்றினேன். கணினி அறையை ஒட்டி ஒரு சின்ன ஸ்டோர். எல்லா வயரும் வந்து சேருகிற சுவிட்ச் பெட்டியை அதில்தான் சுவரில் மாட்டியிருந்தேன். பெட்டிக்கு நேர் கீழே தரை ஈரமாக இருந்தது. மூலையில் ஒரு வாளியும் துடைப்பத் துணியும் இருந்தன. எனக்கு வேறென்ன வேண்டும்?

“இங்க யாரு தண்ணி ஊத்துறது? கரண்டுப் பெட்டிக்கு அடியில தண்ணிய ஊத்துனா லைன் போகாம வேற என்னா செய்யும்?”

பெரிய டீச்சருக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். கதவு ஓரம் அந்த அக்கா நின்றார். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு, துப்புரவுக் கண்ட்ராக்டர் கொடுத்த பச்சைச் சட்டை.

“ஊத்தலங்க மிஸ். புழிஞ்ச துணியிலதான் தொடச்சேன். பொட்டி மேல படவே இல்ல” என்றார்.

நான் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் போன் அடித்தது. பேசிக்கொண்டே காருக்குப் போய்விட்டேன். ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழியை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் வாரம் புதன்கிழமை, மறுபடியும் மத்தியானம் போனேன். மறுபடியும் எல்லாம் நன்றாக ஓடியது. கிளம்பும்போது பெரிய டீச்சர் சாதாரணமாக ஒரு விஷயம் சொன்னார்.

“திங்கக்கிழமையிலேர்ந்து வேற ஆளு வருது. கண்ட்ராக்டர்கிட்ட சொல்லிட்டேன். இவங்கள பிடி டவுன் பக்கம் ஏதோ ஆபீஸ்ல போடுறாராம்.”

“யார டீச்சர்?”

“அதான், தொடைக்கிற அம்மாவ. நீங்கதான சொன்னீங்க, தண்ணிதான் காரணம்னு. டீச்சருங்க மதிப்பெண்ணெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்மா. மூனு வாரமா இழுத்தடிக்குது. நான் என்னா செய்யறது?”

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே பத்துப் பேர் கேள்வி கேட்கிறார்கள். நிபுணர் என்று கூப்பிட்ட ஆள் ஒரு காரணத்தைச் சொன்னால் அவர் நம்பத்தானே செய்வார்? நான்தான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனவள். பெட்டியைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. இப்போது போய்த் திறந்து பார்த்தேன். உள்ளே தூசிதான் இருந்தது. ஒரு சொட்டு ஈரத்தின் தடம்கூட இல்லை.

“தண்ணியா இருக்காது போல டீச்சர்” என்றேன்.

“அப்ப வேற என்னா?”

வேறென்ன என்று சொல்ல முடியாத வரைக்கும், தண்ணீர் இல்லை என்று நான் சொல்வதற்கு மதிப்பும் இல்லை.

காரை எடுத்தபோது அந்த அக்கா கேட் ஓரம் நின்றிருந்தார். எனக்காகத்தான் நின்றிருக்கிறார். கண்ணாடியை இறக்கினேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. பள்ளித் திடலுக்கு எதிரே இருந்த பழைய லயத்து வீடுகளைக் கையால் காட்டினார்.

“மூனாவது வீடு எங்க வீடு, மிஸ். வீட்டுக்காரருக்கு வாதம் அடிச்சு ரெண்டு வருசமா படுக்கையில இருக்காரு. பதினோரு மணிக்கு ஓடிப் போயி திருப்பிப் போட்டுட்டு, தண்ணி குடுத்துட்டு வருவேன். மறுபடி ஒரு மணிக்குப் போவேன். அவ்ளோ தூரம் பிடி டவுனுக்குப் போனா யாரு திருப்புவா? ஒரே பக்கமா படுத்தா முதுகு புண்ணாயிரும்னு நர்ஸ் சொல்லியிருக்கு. நான் வேலைய விட்டுட வேண்டியதுதான். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மிஸ், பொட்டியில தண்ணி படலன்னு.”

“காரணம் தெரியாம நான் எப்படிக்கா சொல்றது?”

அவர் கார்க் கதவில் கை வைத்துக் குனிந்தார்.

“காலையில ஏழு மணிக்கு ஒரு தடவ, பள்ளி விட்டதும் ஒரு தடவ தொடைக்கிறேன். தண்ணிதான் காரணம்னா காலையிலயே போகணும்ல? அந்த நேரத்துல ஆபீஸ்ல எழுதுற கிராணி கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் வேல பாக்குறாரு. ரெஸ்ட் முடிஞ்சு, பத்தரைக்கு மேலதான் பசங்க ‘வரல, வரல’ன்னு கத்துதுங்க. நீங்க ரெண்டு மணிக்கு வர்றீங்க. அப்ப நல்லா இருக்கு. ஒரு நாளு பத்தரைக்கு வந்து பாருங்களேன்.”

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. பழுது எப்போது வருகிறது என்பதுதான் என் தொழிலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. மூன்று வாரமாக நான் அதைக் கேட்கவில்லை. எனக்குத் தோதான நேரத்துக்குப் போய், எனக்குத் தோதான ஆளைத் திட்டிவிட்டு வந்திருக்கிறேன். துடைக்கிற அக்கா அதைக் கவனித்து வைத்திருக்கிறார்.

மறுநாள் வியாழக்கிழமை. இருந்த வேலைகளை எல்லாம் தள்ளி வைத்துவிட்டுக் காலை எட்டரைக்கே பள்ளிக்குப் போனேன். கணினி அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து, என் லேப்டாப்பை வயரில் மாட்டினேன். நெட்வொர்க்கில் போகிற வருகிற பேச்சை எல்லாம் பிடித்து வரிவரியாகக் காட்டுகிற மென்பொருள் ஒன்று அதில் இருக்கிறது. எல்லாவற்றையும் பிடித்தால் கண் பூத்துவிடும். ஆகவே முகவரி கொடுக்கிற பேச்சை மட்டும் பிடி என்று வடிகட்டி போட்டேன்.

முகவரி கொடுக்கிற பேச்சு என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். என் அப்பா லாபு பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலை ஆட்களுக்குத் தலைவராக, இருந்தவர். விடியற்காலையில் பெரட்டு நடக்கும். ஆட்கள் எல்லாரும் வந்து வரிசையில் நிற்பார்கள். யாருக்கு எந்த மர நிரை என்று மண்டோர் சொல்லுவார். அதைக் கேட்டுக்கொண்டுதான் வாளியைத் தூக்குவார்கள். கணினியும் அப்படித்தான். திறந்தவுடன் அதற்குத் தன் இடம் எது என்று தெரியாது. “எனக்கு ஒரு நம்பர் கொடுப்பவர் யாராவது இருக்கிறீர்களா?” என்று எல்லாருக்கும் கேட்கும்படி கத்தும். இதற்கு டிஸ்கவர் என்று பெயர். முகவரி கொடுக்கிற பெட்டி, “இந்தா, இந்த நம்பரை வைத்துக்கொள், வெளியே போக வேண்டுமானால் இந்த வழியாகப் போ” என்று சொல்லும். இது ஆஃபர். “சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்” என்று கணினி சொல்லும். “உனக்கே உனக்கு” என்று பெட்டி முடிக்கும். மொத்தம் நாலே வரி. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதனால்தான் அதைப் பற்றி யாருக்கும் தெரிவதில்லை.

நான் என் லேப்டாப்பின் நம்பரை விட்டுக்கொடுக்கச் சொல்லி, மறுபடி கேட்கச் சொன்னேன். திரையில் நாலு வரி வந்தது. ஆபீஸில் நான் வைத்த பெட்டிதான் பதில் சொல்லியிருந்தது. முகவரியின் மூன்றாம் இடத்தில் பத்து. அது நான் போட்ட நம்பர். சரியாக இருந்தது. மறுபடி கேட்டேன், நாலு வரி. மறுபடி, நாலு வரி. ஒன்பது மணிக்கு, ஒன்பதரைக்கு, பத்து மணிக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் சுத்தமான நாலு வரி.

அந்த அக்கா இரண்டு முறை வெளித் தாழ்வாரத்து ஐந்தடி வழியில் கூட்டிக்கொண்டே போனார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அவர் பார்க்காமல் போனதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பழுதே இல்லாமல் போய்விடக் கூடாதே என்று ஜெபம் செய்தேன். பழுது வர வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பத்து இருபதுக்கு மணி அடித்தது. பிள்ளைகள் கேண்டீனுக்கு ஓடினார்கள். பத்து நாற்பதுக்கு மறுபடி மணி. நாலாம் ஆண்டுப் பிள்ளைகள் கணினி அறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். “எல்லாரும் திறங்க” என்று டீச்சர் சொன்னார். நான் என் லேப்டாப்பில் நம்பரை விட்டுவிட்டு மறுபடி கேட்டேன்.

ஐந்து வரி வந்தது.

டிஸ்கவர் ஒன்று. ஆஃபர் இரண்டு. ஒன்று என் பெட்டியிடமிருந்து, மூன்றாம் இடத்தில் பத்து. இன்னொன்று யாரிடமிருந்தோ, மூன்றாம் இடத்தில் பூஜ்யம். என் லேப்டாப் பூஜ்யத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. அந்தப் பதில்தான் முதலில் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் கணமே எனக்கு இணையம் போய்விட்டது.

“டீச்சர், வரல!” என்று ஒரு பெண்பிள்ளை கத்தியது. “எனக்கு வருது” என்று பக்கத்துப் பையன் சொன்னான். “எனக்கும் வரல!”

நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். பிள்ளைகள் கத்தக் கத்த எனக்குச் சந்தோஷம் பொங்கியது. ஒரு பெரட்டுக்கு இரண்டு மண்டோர் வந்து நிற்கிறார்கள். ஒருவர் சரியான நிரையைச் சொல்லுகிறார். மற்றவர் இல்லாத நிரையைச் சொல்லுகிறார். யார் குரல் முதலில் காதில் விழுகிறதோ அவர் பின்னால் ஆள் போய்விடுகிறது. பாதிப் பேர் காட்டுக்குள் வழி தெரியாமல் நிற்பதில் என்ன ஆச்சரியம்? காலையிலேயே திறந்த கிராணியின் கணினி முதல் மண்டோரிடம் நம்பர் வாங்கிவிட்டது. அது நாள் முழுக்க நன்றாக ஓடும். இதற்கும் தண்ணீருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எந்தச் சம்பந்தமும் இல்லை என்று வாய்விட்டே சொன்னேன். டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இனி அந்த இரண்டாவது மண்டோரைப் பிடிக்க வேண்டும். பிடித்த வரியை விரித்துப் பார்த்தால், பதில் சொன்ன பெட்டியின் பிறவி எண் இருக்கும். அதன் முதல் பாதி எந்தக் கம்பெனியில் செய்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுக்கு வாங்குகிற வைஃபை பெட்டிகளைச் செய்யும் கம்பெனி அது. அந்தக் கம்பெனிப் பெட்டி இந்தப் பள்ளியிலேயே ஒன்றுதான் உண்டு. நூல்நிலையத்தில், அலமாரி மேல். யாரோ ஒரு பெற்றோர் கொடுத்தது. நூல்நிலையத்துக்குள் மட்டும் வைஃபை வரும்படி அதைப் பொருத்தியதும் நான்தான்.

நூல்நிலையம் ஓய்வு மணிக்குப் பிறகுதான் திறக்கும். நூல்நிலையத்து டீச்சர் உள்ளே வந்ததும் மெயின் சுவிட்சைப் போடுவார். பள்ளி முடிந்ததும் அணைத்துவிட்டுப் போவார். நான் இரண்டு மணிக்கு வந்து பார்த்தபோதெல்லாம் அந்த மண்டோர் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். பெட்டி அங்கே இருந்தது. அதன் நெற்றியில், நெற்றி என்றுதான் சொல்ல வேண்டும், மூன்று விரல் சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்தன. பின்பக்கம் திருப்பினேன். இந்த மாதிரிப் பெட்டியில் பின்னால் ஐந்து துளைகள் இருக்கும். நாலு மஞ்சள், ஒன்று நீலம். வெளியிலிருந்து வருகிற வயரை நீலத்தில்தான் மாட்ட வேண்டும். நீலத்தில் மாட்டினால் பெட்டி தன் நூல்நிலையத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும். மஞ்சளில் மாட்டினால் பள்ளிக்கே மண்டோராகிவிடும். வயர் மஞ்சளில் இருந்தது. நீலத் துளையைத் தேடினேன். அதன் மேல் சந்தனம் காய்ந்து அடையாகப் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டியதும் கீழே நீலம் தெரிந்தது.

நாற்காலி மேல் நின்றுகொண்டே எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

சரஸ்வதி பூசைக்குப் புத்தகத்தோடு கணினிகளையும் வைப்பது அந்தப் பள்ளி வழக்கம். எல்லாக் கணினிகளையும் தூக்க முடியாது என்பதால் ஒரு லேப்டாப், பிரிண்டர், கழற்றக்கூடிய சின்னப் பெட்டிகள் ஆகியவற்றைச் சபை மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சாமிக்கு முன் அடுக்குவார்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். அன்று முழுக்க எதையும் தொடக் கூடாது. மறுநாள் காலையில் எடுத்துப் பழையபடி மாட்ட வேண்டும். அந்த மறுநாள் காலையில் நான் அங்கே போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவள்தான் நான். ஆனாலும் பூசை வேலைக்குக் கூப்பிட்டால் போவேன், சுண்டலும் சாப்பிடுவேன். “யாரும் கை வைக்காதீங்க, குழப்பி வெச்சிருவீங்க, எல்லாத்தையும் நானே மாட்டுறேன்” என்று டீச்சர்களை அதட்டியதும் நான்தான். புக்கிட் பெலண்டோக்கில் ஒரு கடையில் பத்து மணிக்கு வேலை ஒத்துக்கொண்டிருந்தேன். அவசரம். ஒரு கையில் சுண்டல் பொட்டலத்தோடு இந்த அலமாரி முன் நாற்காலியில் ஏறி, கண்ணில் பட்ட துளையில் வயரைச் சொருகிவிட்டு இறங்கியிருக்கிறேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி அந்த அக்கா தலையில். பாவம் இதோ இந்தக் கையில்.

வயரைப் பிடுங்கி நீலத்தில் மாட்டினேன். கணினி அறைக்குத் திரும்பிப் போய்ப் பத்து முறை நம்பர் கேட்டேன். பத்து முறையும் ஒரே ஒரு ஆஃபர். பிள்ளைகளிடம் கணினியை அணைத்துத் திறக்கச் சொன்னேன். “வந்துருச்சு! வந்துருச்சு!” என்று ஒவ்வொன்றாகக் கத்தின. மூன்று வாரப் பழுது இரண்டு விரலில் முடிந்தது.

அப்போது ஒரு யோசனை வந்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு, தண்ணீர் இல்லை, ஏதோ ஒரு செட்டிங் என்று மழுப்பிவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள்? என் பெயரும் கெடாது. ஆனால் ஏதோ ஒரு செட்டிங் என்றால் பெரிய டீச்சர் நம்புவாரா? ஒரு வாரமாகத் தண்ணீர் என்று நினைத்தவருக்கு ஒரு ஓரத்தில் தண்ணீரும் ஒரு காரணமோ என்ற சந்தேகம் இருந்துகொண்டுதான் இருக்கும். சந்தேகம் இருந்தால் திங்கட்கிழமை வேறு ஆள் வந்துவிடும். அந்த வீட்டில் ஒரு மனிதர் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடப்பார். லேப்டாப்பை மூடாமல் அப்படியே தூக்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன்.

“டீச்சர், கண்டுபிடிச்சிட்டேன்.”

“தண்ணிதான?”

“தண்ணி இல்ல டீச்சர். நான்தான்.”

“என்னாது?”

“நான்தான் டீச்சர். பூசைக்கு மறுநாளு நூல்நிலையத்து வயர தப்பான ஓட்டையில மாட்டிட்டுப் போயிட்டேன். அந்த அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க தொடச்ச தண்ணி பொட்டி மேல படவே இல்ல. நான் அன்னிக்குச் சும்மா கத்திட்டுப் போனேன்.”

திரையைத் திருப்பி இரண்டு ஆஃபர்களையும் காட்டினேன். அவருக்கு அது புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர் என் முகத்தைத்தான் பார்த்தார்.

“நீங்களா?” என்றார். பிறகு, “நீங்களே சொல்றீங்களா?” என்றார்.

“நானேதான் சொல்றேன். கண்ட்ராக்டருக்கு இப்பவே போன் போடுங்க டீச்சர். திங்கக்கிழமைக்கு ஆள் ஏற்பாடு ஆயிரும்.”

அவர் போனை எடுத்தார். அந்தக் கண்ட்ராக்டர் மலாய்க்காரர். புது ஆளிடம் ஏற்கெனவே பேசிவிட்டதாகச் சொல்லுகிறார் என்று பெரிய டீச்சர் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் சொன்னார். அவர் போனை மறுபடி காதில் வைத்து, “தக் பாயா தூக்கார் லா, என்சிக்” என்று ஆரம்பித்தார். மாற்ற வேண்டாம், எங்களுக்கு இந்த அம்மாதான் வேண்டும், தவறு எங்கள் பக்கம் என்று மலாயில் அடித்துப் பேசினார். தவறு உங்கள் ஆளிடம் இல்லை என்று மூன்று தடவை சொன்னார். கடைசியில் “ஓகே, தெரிமா காசி” என்று நன்றி சொல்லி வைத்தார்.

“இருப்பாங்க” என்றார் என்னிடம்.

பெருமூச்சு என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று வாரமாக, இல்லை, நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனதுபோல் இருந்தது. நாற்காலியைக் கேட்காமலே உட்கார்ந்துவிட்டேன். பெரிய டீச்சர் தன் தண்ணீர் போத்தலை என் பக்கம் தள்ளினார். “அடுத்த வருசம் பூசைக்கு நீங்க சுண்டல் மட்டும் சாப்புடுங்க, வயர கிராணி மாட்டட்டும்” என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அந்த அக்கா பின்பக்கம் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். பெரிய டீச்சரிடம் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். நான்தான் மாட்டினேன், நான்தான் கத்தினேன், இனி நீங்கள் இங்கேதான் இருப்பீர்கள், என்னை மன்னிச்சிருங்க அக்கா என்றேன். அவர் குழாயை மூடினார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். கண் கலங்கியது, ஆனாலும் குரல் கலங்கவில்லை.

“ஒரு வாரமா நானும் அதத்தான சொன்னேன், தண்ணி படலன்னு. ஒருத்தரும் கேக்கல. நீங்க ஒரு தடவ சொன்னீங்க, முடிஞ்சிருச்சு.”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “மணி பதினொன்னே கால் ஆயிருச்சு. அவர திருப்பணும்” என்று சொல்லிக்கொண்டே திடலைத் தாண்டிப் பாதி ஓட்டமாகப் போனார். மூன்றாவது வீட்டுக் கதவு திறந்து மூடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். காரில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்தது. அது துக்க அழுகை இல்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் எனக்கு ஒரு பயம். கண்ட்ராக்டர் போனில் சரி என்று சொல்லிவிட்டு, மறந்தாற்போல் வேறு ஆளை அனுப்பிவிட்டால்? திங்கட்கிழமை எனக்கு ரந்தாவில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் காலை ஆறே முக்காலுக்குப் பள்ளி வாசலில் காரை நிறுத்தினேன். கேட் பூட்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சாவிக்கொத்தோடு ஒரு பச்சைச் சட்டை வந்தது. இன்னும் முழுசாக விடியாததால் முகம் தெரியவில்லை. கேட்டைத் தள்ளித் திறந்தபோதுதான் தெரிந்தது. அவரேதான்.

என் காரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கிட்டே வந்தார்.

“என்னா தங்கச்சி, மறுபடியும் கெட்டுப் போச்சா?”

“ஒன்னும் கெடலக்கா. நீங்க இருக்கீங்களான்னு சும்மா பாக்க வந்தேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலே, வேன் வருகிற சடக்கைப் பார்த்தார்.

“இருக்கேன்ல? பாத்தாச்சுல்ல? கேட்ட மறைக்காதீங்க, வேன் வருது. பசங்க எறங்கணும். கொஞ்சம் பின்னால எடுங்க” என்றார்.

வேலை இடத்தில் யாராவது இந்தக் குரலில் எனக்கு உத்தரவு போட்டால் நான் சும்மா இருக்கிறவள் இல்லை. வாயைத் திறக்காமல், அவர் கை காட்டிய பக்கமாகக் காரைப் பின்னுக்கு எடுத்தேன்.